முப்பத்தோராவது கேள்வி

அவர் வீட்டு வாசலைத் தாண்டி எதுவும் சும்மா உள்ளே வந்துவிட முடியாது. மனைவி கடைக்குப் போய்த் திரும்பினால், செருப்பைக் கழற்றுவதற்குள் விசாரணை ஆரம்பித்துவிடும். என்ன வாங்கினாய், எங்கே வாங்கினாய், பைக்குள் வேறு என்ன இருக்கிறது? கல்யாணமான புதிதில் அந்த அம்மாள் இதை அக்கறை என்று நினைத்து உச்சி குளிர்ந்துபோனார். ஆறு மாதம் கழித்துத்தான் இது வியாதி என்று புரிந்தது. இப்போதெல்லாம் வாசலிலேயே நின்று, "சோப்பு ரெண்டு, துடைப்பம் ஒண்ணு, உங்களுக்குப் பனியன் மூணு. மறைச்சு வச்சது ஒண்ணுமில்ல. உள்ள வரலாமா?" என்று தானே ஒப்பித்துவிடுகிறார்.

"பனியன்ல எத்தனை சதவீதம் பருத்தி?" என்பார் மனிதர், கொஞ்சமும் சிரிக்காமல்.

துறைமுகத்துக்கு எதிர்த் தெருவில், மாடியில் இருக்கும் ஒரு சுங்க முகவர் அலுவலகத்தில் அவருக்கு வேலை. வெளிநாட்டிலிருந்து சரக்கு வரவழைப்பவர்களுக்காகச் சுங்கத்துறைக்கு அறிவிப்புப் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். வருவது என்ன, எதனால் செய்தது, எங்கே செய்தது, எதற்குப் பயன்படும் என்று பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். உலகத்தில் உள்ள எல்லாச் சாமானுக்கும் சுங்கப் புத்தகத்தில் ஒரு எண் உண்டு. வாளிக்கு உண்டு, உயிருள்ள குதிரைக்கு உண்டு, கண்ணாடியில் செய்த பொய்க்கண்ணுக்கும் உண்டு. அத்தனையும் அவருக்கு மனப்பாடம். மாமனாரின் பிறந்த நாள்தான் மறந்துபோகும்.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் முப்பத்தொண்ணு. காரணம், அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கும் கேள்வித்தாள். அவரே வருஷக்கணக்கில் செதுக்கிச் செதுக்கிச் சேர்த்த முப்பத்தோரு கேள்விகள். யார் வந்தாலும், எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும், ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை கேட்டு முடிக்காமல் பேனா மூடியைத் திறக்க மாட்டார். ஒருமுறை பொம்மை இறக்குமதி செய்பவர் ஒருவர் அகப்பட்டுக்கொண்டார்.

"பொம்மை அழுமா?"

"அழும் சார்."

"எப்படி அழும்? பேட்டரியா, அமுக்கினா அழுமா?"

"அமுக்கினா."

"கண்ணுல தண்ணி வருமா?"

அந்தக் கேள்விக்கு வருவதற்குள் பொம்மைக்காரர் கண்ணிலேயே வந்துவிட்டது. ஆனால் அவருடைய சரக்கு மூன்றாம் நாள் வெளியே வந்தது. அதே கப்பலில் வந்த இன்னொருவரின் பொம்மைகள், 'விளையாட்டுச் சாமான்' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்த புண்ணியத்தில், இரண்டு மாதம் கிடங்கில் கிடந்தன. இருபத்தாறு வருஷத்தில் முப்பத்தொண்ணு எழுதிய படிவம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பிறகு ஏன் அலட்டிக்கொள்ள மாட்டார்? அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டுக்காரன் என்ற நினைப்பு அவருக்குக் கொஞ்சம் உண்டுதான்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், எழுதிய சாமான்களில் நூற்றில் ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்த்தது கிடையாது. எல்லாம் காகிதத்தில்தான். காகிதத்தில் இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் தலையை மொட்டையடித்துக்கொண்டு வந்தாலும் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லையென்றால் அவருக்குத் தெரியாது.

அவருக்கு ஒரே ஒரு தங்கை. அவரைவிடப் பத்து வயது இளையவள். சலவைக்கடை வைத்திருந்தாள். முன்னறையில் துணி வாங்குவது, நடுவறையில் துவைப்பது, பின்னறையில் இரண்டு நீள மேஜை போட்டு இஸ்திரி. வேனில் துணி கொண்டுபோய்க் கொடுப்பது அவள் கணவன். அவருக்குத் தெரிந்து, பதினைந்து வருஷமாக இஸ்திரி மேஜையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அவள் மடித்த சட்டையைப் போட்டுக்கொள்ள மனசு வராது, அப்படியே அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம் போல இருக்கும்.

அவள் கடைக்கு இப்போது ஒரு நல்ல காலம் வந்து கதவைத் தட்டியது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்று தன் படுக்கை விரிப்புகளை எல்லாம் அவளிடமே தருவதாகச் சொன்னது. தினமும் நானூறு விரிப்பு. வரும் முதல் தேதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஒரு நாள் தவறினாலும் வேறு ஆளிடம் போய்விடும் என்று அங்கே தலைமை நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டார். நானூறு விரிப்பைக் கையால் தேய்ப்பதென்றால் நடக்கிற காரியமா? அதற்கென்று ரோலர் இஸ்திரி மெஷின் இருக்கிறது. ஒரு பக்கம் ஈர விரிப்பை விட்டால் மறுபக்கம் அப்பளமாக வந்து விழும். வெளிநாட்டில் ஒரு பழைய ஓட்டலை மூடுகிறார்கள், அவர்களுடைய மெஷின் விலைக்கு வருகிறது என்று தெரிந்துகொண்டு, அவள் அதைப் பேசி முடித்துவிட்டாள். காகித வேலைக்கு அண்ணன் இருக்கும்போது என்ன கவலை?

கவலை எதுவென்று அண்ணன் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

"மெஷின் புதுசா, பழசா?"

"உனக்குத் தெரியாதா அண்ணா?"

"நீ சொல்லணும். புதுசா, பழசா?"

"பழசு."

"எத்தனை வருஷப் பழசு? ரோலர் எதால செஞ்சது? மேல சுத்தியிருக்கற துணி கம்பளியா, பருத்தியா? சூடு கரண்ட்லயா, காஸ்லயா? எதுக்குப் பயன்படுத்தப் போறீங்க?"

"மீன் பொரிக்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்படி எழுதிடட்டுமா?"

ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. அவள் மடியில் பெரிய பையை வைத்துக்கொண்டு, வலது கையைப் பைக்குள்ளேயே விட்டபடி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தபோதும் கை வெளியே வரவில்லை. இடது கையால் எடுத்துக் குடித்தாள். இருபத்தேழாவது கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள்.

"போதும் அண்ணா. நான் உன் தங்கச்சிதான? கள்ளக்கடத்தலா பண்றேன்? மிச்சத்த நீயே எழுதிக்கோ."

"இன்னும் நாலுதாம்மா."

"அந்த நாலும் வேணாம். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, என்னைக் கேக்காம விடு."

குரல் கொஞ்சம் உடைந்தாற்போல இருந்தது. அவர் வளர்த்த பிள்ளை அது. பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவர் அவர், அழுதால் பென்சில் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தவர் அவர். அதிகாரி வந்தாலும் முதலாளி வந்தாலும் விடாத மனிதர், அன்றைக்கு என்ன தோன்றியதோ, "சரி, போ" என்றுவிட்டார். அறையில் இருந்த மற்றவர்கள் மூச்சுவிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விட்டுப்போன நான்கில் மூன்று கேள்விகள் பெட்டியைப் பற்றியவை. பெட்டி எதனால் ஆனது? மரம் என்றால் கதிர் முத்திரை இருக்கிறதா? உள்ளே மெஷினைத் தவிர வேறு ஏதாவது போட்டிருக்கிறார்களா? மரத்துக்குள் பூச்சி ஒளிந்து வந்துவிடும் என்பதால், சூட்டில் வைத்துப் பூச்சியைக் கொன்ற மரத்தில்தான் சரக்கைக் கட்டி அனுப்ப வேண்டும் என்பது விதி. அதற்கு அடையாளமாகப் பலகையில் தானியக் கதிர் படம் போட்ட ஒரு முத்திரை குத்தியிருப்பார்கள். மெஷின் இருக்கும் நாட்டிலிருந்து வந்த, அவர் கடைசியாகப் படிவம் எழுதிய நாற்பது பெட்டிகளும் முத்திரையோடுதான் வந்திருந்தன. அதனால் 'மரம், முத்திரை உண்டு' என்று எழுதினார். கடைசிக் கேள்வி, 'சொல்லாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா?' அதற்கு நேராக 'இல்லை' என்று எழுதினார். தங்கை எதைச் சொல்லாமல் விடப்போகிறாள்?

இருபதாம் தேதி மெஷின் வந்து இறங்கியது. இருபத்திரண்டாம் தேதி, தாவரப் பாதுகாப்பு அதிகாரி பெட்டியைச் சுற்றி வந்து, குனிந்து, கீழ்ப்பலகைகளில் டார்ச் அடித்துப் பார்த்தார். மேலே எல்லாம் முத்திரை இருந்தது. அடியில் மூன்று பலகையில் இல்லை. அதில் ஒன்றில் மரப்பட்டைகூட உரிக்காமல் இருந்தது. கட்டிய ஆளுக்குப் பலகை பற்றாமல் போயிருக்கும், கையில் கிடைத்ததை வைத்து அடித்திருப்பான். படிவம் திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில், 'அறிவித்ததும் இருப்பதும் ஒத்துப்போகவில்லை.'

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானையைப் பார்க்க ஊரே கூடும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். கீழ்த்தளத்து டைப்பிஸ்ட் அம்மாள், பக்கத்து அலுவலகக் கணக்கர், எதிர்க் கடை ஜெராக்ஸ்காரர் என்று ஒவ்வொருவராக ஏதோ வேலை இருப்பது போல மாடி ஏறி வந்து, அந்தச் சிவப்பு மையை ஒருமுறை தரிசித்துவிட்டுப் போனார்கள். மாலையில் வீட்டுக்குப் பையோடு வந்த மனைவி வாசலில் நின்று பார்த்தார். கேள்வி எதுவும் வரவில்லை. "உருளைக்கிழங்கு ஒரு கிலோ" என்று தானாகவே மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டு உட்கார வைத்தார். "இதுக்கெல்லாம் மனசு விடலாமா? அனுப்பினவன் தப்பாச் சொல்லிட்டான்னு ஒரு விளக்கக் கடுதாசி குடுங்க. எல்லாரும் அப்படித்தான் குடுப்பாங்க."

"அப்படிக் குடுத்தா, அவங்க அனுப்பினவனுக்கு எழுதிக் கேப்பாங்க. அவன் பதில் போடணும். மூணு வாரம் ஆகும் சார். முதல் தேதிக்கு எட்டு நாள்தான் இருக்கு."

"வேற என்ன எழுதப் போறீங்க?"

"நடந்தத எழுதறேன்."

"உங்க மேல கரும்புள்ளி விழும். அடுத்த ஒரு வருஷம் நீங்க எழுதற ஒவ்வொரு பெட்டியையும் பிரிச்சுப் பாப்பாங்க. இருபத்தாறு வருஷம்..."

"என் பேர்ல மட்டும் எழுதறேன் சார். அனுப்பினவனும் தப்பாச் சொல்லல, வரவழைச்சவங்களும் தப்பாச் சொல்லல. நான் கேக்கவே இல்ல."

முதலாளி, பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று சொல்லிவிட்டு, காகிதக் கட்டை அவர் பக்கம் தள்ளினார்.

கடிதம் நான்கு வரிதான். மரப்பெட்டியின் முத்திரை பற்றி அறிவிப்பு எழுதியவர் சரக்கின் உரிமையாளரிடம் கேட்கவில்லை. கேட்காமலே எழுதிவிட்டார். தவறு அவருடையது. கிடங்கிலேயே பலகைகளைக் கழற்றி எரித்துவிட்டு, மெஷினை மட்டும் விடுவிக்க அனுமதி வேண்டும். அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய விண்ணப்பத்தில் தங்கையின் கையெழுத்து வேண்டும். மச்சானிடம் கொடுத்தனுப்பி வாங்கி வரச் சொன்னார். வந்ததைப் பார்த்தால் கையெழுத்து கோழி கிளறினாற்போல இருந்தது. ஓடுகிற வேனில் வைத்துப் போட வைத்திருப்பான் என்று மச்சான் மேல் எரிச்சல்பட்டுக்கொண்டே, இருபத்தாறாம் தேதி கிடங்குக்குத் தானே எடுத்துப் போனார்.

கிடங்கு அதிகாரி ஒல்லியான மனிதர். முப்பத்தொண்ணின் படிவங்களைப் பல வருஷமாகப் படித்திருந்தாரே தவிர ஆளைப் பார்த்ததில்லை. கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"ஏன் சார் கேக்கல?"

"தங்கச்சி கேக்காதேன்னுச்சு சார்."

அதிகாரி சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு விண்ணப்பத்தை எடுத்தார். பிறகு அலமாரியிலிருந்து தங்கையின் பதிவு அட்டையை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எட்டு மாதம் முன்னால், எப்போதாவது ஒரு மெஷின் வரவழைக்கலாம் என்று இறக்குமதிக்குப் பெயர் பதிவு செய்தபோது அவள் போட்ட மாதிரிக் கையெழுத்து அதில் இருந்தது. வட்ட வட்டமாக, அவள் மடித்த சட்டை மாதிரி, ஒரு சுருக்கம் இல்லாமல். சிரிப்பு போய்விட்டது.

"இது அவங்க போட்டது இல்ல."

"அவதான் சார் போட்டா."

"அதுவும் உங்க தங்கச்சி. முதல் தேதி நெருங்குதுன்னு நீங்களே சொல்றீங்க. அவசரத்துக்கு நீங்களே போட்டுட்டீங்களா?"

முப்பத்தொண்ணுக்குக் காது இரண்டும் சுட்டது. கள்ளக் கையெழுத்து! அவரா! யோசித்துப் பார்த்தால் அதிகாரி கேட்டது நியாயமான கேள்வி. அவர் இடத்தில் இருந்தால் இவரும் அதையேதான் கேட்டிருப்பார்.

"அவங்களே நேர்ல வரட்டும். என் கண்ணு முன்னாடி போடட்டும். இன்னைக்கு நாலு மணிக்குள்ள வரலேன்னா இனி ஒரு வாரம் கழிச்சுத்தான்."

ஒரு வாரம் என்றால் முதல் தேதி தாண்டிவிடும். தங்கைக்குப் போன் போட்டார். "நேர்லதான் போடணுமா அண்ணா?" என்று கேட்டாள். "நேர்லதான்" என்றார். மூன்றரை மணிக்கு வேன் வந்து நின்றது.

கிடங்கு ஒரு மைதானம் அளவு பெரியது. நடுவே தகரக் கூரைக்குக் கீழே அவளுடைய பெட்டி நின்றது, ஆள் உயரம். அவள் அதைப் பார்த்தபடியே நடந்து வந்தாள். அதே பெரிய பை, அதே போலக் கை அதற்குள். அதிகாரி மேஜையில் காகிதத்தை வைத்துப் பேனாவை நீட்டினார்.

"பதிவு அட்டையில போட்ட மாதிரியே போடுங்கம்மா."

அவள் பையைத் தரையில் வைத்தாள். வலது மணிக்கட்டில் ஒரு பட்டை இறுக்கிக் கட்டியிருந்தது. விரல்கள் வீங்கி இருந்தன. பேனாவை இடது கையில் வாங்கிக்கொண்டு, குழந்தை முதல் முதலாக எழுதுவதுபோல, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள். கோழி கிளறினாற்போலவே வந்தது.

இருபத்தாறு வருஷமாக எல்லோரிடமும் கேட்ட கேள்வி, அவர் வாயிலிருந்து தானாக வந்தது.

"சொல்லாம விட்டது ஏதாவது இருக்கா?"

"இருக்கு" என்றாள். "ஆறு மாசமா கை தூக்க முடியல. இஸ்திரிப் பெட்டியைத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இப்ப உன் மச்சான்தான் தேய்க்கறாரு, எல்லாச் சட்டையும் கோணல். இந்த மெஷின் வரலேன்னா கடையே இல்ல அண்ணா. நீ அந்தக் கடைசிக் கேள்வியக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். உன்கிட்டப் பொய் சொல்ல வராது. அதான் எழுந்து ஓடினேன்."

"ஏன் சொல்லல?"

"நீ ஓடி வந்து எனக்குச் சோறு ஊட்ட ஆரம்பிச்சுடுவ. அப்புறம் நான் முதலாளியா, உன் சின்னப் பாப்பாவா?"

இருபத்தேழு கேள்வி கேட்டவர் அவர். ரோலரைச் சுற்றிய துணி கம்பளியா பருத்தியா என்று கேட்டவர். அவள் எதிரே உட்கார்ந்து இடது கையால் தண்ணீர் குடித்ததை இரண்டு கண்ணாலும் பார்த்தவர். வெட்கமாக இருந்தது. சிவப்பு மையைவிட இது அதிகமாகச் சுட்டது.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "கையெழுத்து மாறினதுக்குக் காரணம் எழுதணும். கீழ ஒரு கட்டம் இருக்கு."

முப்பத்தொண்ணு பேனாவை வாங்கிக்கொண்டார். முத்து முத்தாக எழுதினார். 'உரிமையாளருக்கு வலது கையில் நோய். ஆறு மாதமாக இடது கையால் கையெழுத்திடுகிறார். இது அவர் அண்ணனுக்குத் தெரியாது.'

அதிகாரி படித்தார். "கடைசி வரி தேவையில்ல சார்."

"இருக்கட்டும் சார். அது இல்லேன்னா அறிவிப்பு முழுசாகாது."

அதிகாரி முத்திரையை மையில் ஒற்றி, அந்த மூன்று வரிக்கும் கீழே அழுத்திக் குத்தினார்.

பலகைகளைக் கடப்பாரையால் பெயர்த்துக் கொண்டுபோய் மூலையில் இருந்த உலையில் போட்டார்கள். பட்டையோடு இருந்த அந்தப் பலகைதான் முதலில் பற்றிக்கொண்டது. உள்ளேயிருந்து மெஷின் வெளியே வந்தபோது, தான் எழுதிய சாமான் ஒன்றை முப்பத்தொண்ணு கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தார். ரோலரில் சுற்றியிருந்தது கம்பளிதான். சரியாகவே எழுதியிருந்தார். மெஷினை லாரியில் ஏற்றிக் கட்டுவதற்குள் வெயில் தணிந்துவிட்டது. முதல் தேதிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

அவள் வேனில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியை இடது கையால் இறக்கினாள். அண்ணன் கதவோரம் நின்றுகொண்டே இருந்தார். மச்சான் வண்டியைக் கிளப்பலாமா என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"முதல்ல எந்த விரல்ல ஆரம்பிச்சுது?" என்று அவர் கேட்டார்.

"அட ராமா. முப்பத்தொண்ணும் கேக்கப் போறியா?"

"ஆமா."

அவள் சிரித்தாள். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். "ஏறிக்கோ. வழி நெடுகக் கேளு."

அவர் ஏறிக்கொண்டார். சட்டைப் பையில் பேனா இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை.